விண்ணப்பிக்காதவருக்கும் உரிமை உண்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கிடையிலான மக்கள் நடமாட்டம் பற்றித் தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு பதிப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிரித்தானியா ஒன்றியத்தில் இருந்தவரை எவரும் வந்து குடியேறக்கூடிய நிலை இருந்தது என்றும், 2020இல் அது விலகியதோடு அந்த விவகாரம் முடிந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் கூறுகிறார். இவ்விரண்டு கூற்றுகளும் பிழையானவை. நெதர்லாந்துக் குடியுரிமையுடன் 2003ஆம் ஆண்டு மனைவி பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்து, இன்றும் அதே கடவுச்சீட்டுடன் இங்கு வாழ்பவன் என்பதால் இதை எழுதுகிறேன். நெதர்லாந்து, ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க் ஆகிய நாடுகளிலிருந்து அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வாசகர்களிடையே ஏராளம்.

முதலில், "எவரும்" என்ற சொல். நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து நெதர்லாந்து போய்ச் சேர்ந்தேன். மனிதாபிமான அடிப்படையில் தரப்பட்ட வதிவிட அனுமதியே பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அந்தக் காலத்தில் என் தமையனார் வெம்பிளியில் இருந்தார். கடலைக் கடந்தால் ஒரு பகல் பயணம். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு விசா இல்லாமல் அந்தப் பயணம் கிடையாது. பொதுநலவாய நாடுகளில் முதன்முதலாக இலங்கையர் மீதுதான் பிரித்தானியா 1985இல் விசாக் கட்டுப்பாட்டை விதித்திருந்தது. 1996இல் நெதர்லாந்துக் குடியுரிமை கிடைத்த பிறகே, அதே நான், அதே முகத்தோடு, ஒரு கேள்வியும் இல்லாமல் கப்பலேறி வந்து தமையனார் வீட்டில் சோறு உண்ண முடிந்தது. தடையற்ற நடமாட்டம் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் மட்டுமே உரியது என்பதை, அதற்கு வெளியே ஒன்பது ஆண்டுகள் நின்ற எனக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் உழைத்தும் குடியுரிமை பெறாதவர்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஒன்றியத்தின் பெரிய குறை என்று நான் கருதுவது அதுவே.

வட்டத்துக்குள் இருப்பவருக்கும் நிபந்தனைகள் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஒன்றியப் பணிப்பாணையின்படி, எந்த உறுப்பு நாட்டுக் குடிமகனும் வேறோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதங்கள் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் அவர் வேலையில் இருக்க வேண்டும், அல்லது தொழில் செய்ய வேண்டும், அல்லது படிக்க வேண்டும், அல்லது தன் சொந்தப் பணத்தில் வாழ வேண்டும். மாணவருக்கும் வேலை செய்யாதவருக்கும் முழுமையான நோய்க் காப்புறுதியும் தேவை. இவற்றை நிறைவு செய்து ஐந்து ஆண்டுகள் சட்டபூர்வமாகத் தொடர்ந்து வாழ்ந்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும். அந்த உரிமை எவருடைய கையொப்பத்துக்காகவும் காத்திராமல், ஐந்தாண்டு நிறைவுற்ற அன்றே தானாகப் பிறந்துவிடும் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரசு தரும் கடதாசி அதற்குச் சான்று மட்டுமே. எனக்கு அது 2008இல் பிறந்தது. அப்போது நான் எந்தப் படிவமும் நிரப்பவில்லை.

இந்த ஏற்பாடு யாரோ ஒருவருடைய தாராள மனத்தில் உதித்ததல்ல. 1946இல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் ஒப்பந்தம் செய்தன: இத்தாலி ஐம்பதாயிரம் தொழிலாளரை அனுப்பும், பெல்ஜியம் அதற்கு ஈடாக நிலக்கரி கொடுக்கும். மனிதரைக் கொடுத்துக் கரி வாங்கிய ஒப்பந்தம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். 1956 ஆகஸ்ட் 8ஆம் நாள் பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். எட்டு மாதம் நிறையும் முன், 1957 மார்ச் 25இல், பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகளும் ரோம் நகரில் ஒப்பமிட்ட உடன்படிக்கையில், தொழிலாளர் ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றிச் சென்று, நாட்டின் பெயரால் பாகுபாடு இல்லாமல் வேலை செய்யும் உரிமை எழுதப்பட்டது. அரசுகள் பேரம் பேசி அனுப்பி வைத்த தொழிலாளி, தானே தீர்மானித்துப் போகும் உரிமையுடைய ஆளானது அங்கேதான். அந்த உரிமைக்கு 1968ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி நடைமுறை வடிவம் கொடுத்தது. குடும்பத்தை அழைத்து வருவதும் பிள்ளைகளின் படிப்பும் அதில் இடம்பெற்றன.

தொழிலாளிக்குரிய அந்த உரிமை குடிமகனுக்குரியதாக மாறியது 1992இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையால். 1993 நவம்பர் 1 முதல், உறுப்பு நாடொன்றின் குடியுரிமை உள்ள ஒவ்வொருவரும் ஒன்றியக் குடிமகனும் ஆனார். தான் வாழும் உறுப்பு நாட்டின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும், தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் வேறோர் உறுப்பு நாட்டின் தூதரகத்தில் உதவி கேட்கவும் அவருக்கு உரிமை வந்தது. பெல்ஜியத்தில் படித்த ஒரு பிரெஞ்சு மாணவர் தமக்குக் குறைந்தபட்ச வாழ்க்கைப்படி மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்றியக் குடியுரிமை உறுப்பு நாட்டு மக்களின் அடிப்படை அந்தஸ்தாக அமைய வேண்டியது என்று ஒன்றிய நீதிமன்றம் 2001இல் கூறியது. அந்தத் தீர்ப்பைப் பின்னாளில் அறிந்தபோது நான் நெகிழ்ந்து போனேன். பிறந்த நாடு காப்பாற்றாத ஒருவனுக்கு "அடிப்படை அந்தஸ்து" என்பது சின்னச் சொல் அல்ல.

இந்த உரிமை எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்பதையும் சொல்கிறேன். நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்துப் பகுதியில் தக்காளி விளையும் கண்ணாடி வீடுகளில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். அந்த நாட்டின் முதியோர் ஓய்வூதியம் அங்கு வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு சதவீதம் என்ற கணக்கில் சேரும். பதினாறு ஆண்டு வாழ்ந்த எனக்கு முழு ஓய்வூதியத்தின் 32 சதவீதம் அங்கிருந்து வருகிறது. இங்கே உழைத்த ஆண்டுகளுக்கானது பிரித்தானிய ஓய்வூதியமாக வருகிறது. ஒரு நாட்டில் சிந்திய வியர்வை இன்னொரு நாட்டின் எல்லையில் செல்லாக்காசாகிவிடாமல் ஒன்றியத்தின் சமூகப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் பார்த்துக்கொண்டன. 2014இல் நெதர்லாந்துக் குடிமகனான என் மகன் யாழ்ப்பாணத்தில் திருமணம் செய்து மனைவியை அழைத்தபோது, ஐரோப்பியக் குடும்ப அனுமதி கட்டணம் ஏதுமின்றி வந்தது. அதே ஆண்டுகளில் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற எங்கள் நண்பர் ஒருவருடைய மகன், ஆண்டு வருமானம் 18,600 பவுண் இருந்தால்தான் மனைவியை அழைக்கலாம் என்ற 2012ஆம் ஆண்டின் விதியால், இரண்டு வேலை பார்த்துக் காத்துக் கிடந்தார். சொந்தக் குடிமகனுக்கு இல்லாத உரிமை அயல்நாட்டவனுக்கா என்று அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு நேரான பதில் அவருடைய உரிமையையும் உயர்த்துவதாக இருந்திருக்க வேண்டும், நடந்ததோ மறுதலை.

இனிக் கட்டுரையாளரின் இரண்டாவது கூற்றுக்கு வருகிறேன். நான் எழுத நேர்ந்ததும் இதன்பொருட்டே. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு, 2020 ஜனவரி 31 விலகல், 2020 டிசம்பர் 31 இடைக்காலத்தின் முடிவு ஆகியவற்றோடு எதுவும் முடிந்துவிடவில்லை. அதுவரை சட்டப்படி வந்து குடியிருந்தவர்களின் உரிமைகளைக் காப்பதாக விலகல் உடன்படிக்கையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஆனால் எந்த முறையில் காப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தெரிவுசெய்ய அதே உடன்படிக்கை இடமளித்தது. ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் உட்பட 14 உறுப்பு நாடுகள், தம்மிடம் வாழ்ந்த பிரித்தானியருக்கு உரிமை ஏற்கனவே இருக்கிறது, அட்டை அதற்குச் சான்று என்ற முறையை எடுத்துக்கொண்டன. பிரான்ஸ், நெதர்லாந்து உட்பட 13 நாடுகளும் பிரித்தானியாவும் வேறு முறையை எடுத்துக்கொண்டன: குறித்த நாளுக்குள் விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டால்தான் உரிமை. பிரித்தானியா இதற்கென அமைத்த வதிவிட அந்தஸ்துத் திட்டத்தில் அந்த நாள் 2021 ஜூன் 30.

யாழ்ப்பாணத்தில் காணி வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். இடம்பெயர்வில் உறுதிப் பத்திரம் எரிந்துபோயிருக்கலாம். உறுதி எரிந்தால் காணி எரிந்துபோவதில்லை. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துக்கொண்டு வந்து வேலியை அடைப்போம். பிரித்தானியா எடுத்துக்கொண்ட முறையிலோ, பழைய உறுதி வைத்திருந்தவரும் குறித்த நாளுக்குள் புதிய உறுதி கேட்டு எழுதாவிட்டால் காணியே அவருடையது அல்ல என்றாகிவிட்டது. முன்பு நிரந்தர வதிவிடச் சான்றிதழ் பெற்றிருந்தவர்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே விதி. வாக்கெடுப்புக்குப் பின் அச்சத்தில் அந்தச் சான்றிதழுக்காக 85 பக்கப் படிவத்தை நிரப்பியவர்கள்கூட மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

என் மனைவியின் மூத்த சகோதரி ஜேர்மன் கடவுச்சீட்டுடன் 2004இல் இங்கு வந்தவர், கணவரை இழந்தவர். அவரிடம் 2009இல் பெற்ற நிரந்தர வதிவிடச் சான்று இருந்தது. "நிரந்தரம்" என்று எழுதியிருப்பதற்கு மேல் என்ன வேண்டும் என்று அதைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சாமிப்படத்தின் பின்னால் வைத்திருந்தார். 2022இல் வேறு வீடு வாடகைக்கு எடுக்கப் போன இடத்தில், வதிவிட அந்தஸ்தை இணையத்தில் சரிபார்க்கும் குறியீட்டு எண் எங்கே என்று முகவர் கேட்டபோதுதான், பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில் தமக்கு வதிவிட அந்தஸ்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அன்று இரவு அவர் எங்கள் வீட்டுக் குசினியில் அமர்ந்து, "எண்பத்து மூன்றில் கொழும்பில் எரிச்சவங்களுக்குப் பயந்து ஓடினன், இங்க நான் என்ன பிழை செய்தன், சொல்லுங்கோ அத்தான்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மருத்துவக் கடிதங்களும் வரிக் கடிதங்களும் திரட்டித் தாமத விண்ணப்பம் போட்டு, மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு அந்தஸ்து வந்தது. அந்த மாதங்களில் அவர் ஊர் போகவில்லை. ஊரிலே தாயார் செத்த வீட்டுக்கும் போகவில்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த தவறல்ல என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. இத்திட்டத்துக்குத் தகுதியுடையோர் 35 இலட்சம் முதல் 41 இலட்சம் வரை இருக்கலாம் என்றே அரசு முதலில் மதிப்பிட்டிருந்தது. இறுதி நாளளவில் வந்த விண்ணப்பங்களோ அறுபது இலட்சத்தைத் தாண்டின. எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதே தெரியாத நிலையில், எத்தனை பேர் தவறிவிட்டார்கள் என்பதை எவரால் கணக்கிட முடியும்? தவறியிருக்கக் கூடியவர்கள் யார் என்பதை மட்டும் ஊகிக்கலாம்: கைத்தொலைபேசிச் செயலியைக் கண்டு ஒதுங்கும் முதியோர், பராமரிப்பு இல்லங்களில் இருப்போர், பெற்றோர் விண்ணப்பிக்க மறந்த பிள்ளைகள், தமிழைத் தவிர வேறெதிலும் கடிதம் படிக்க இயலாதோர். தாமத விண்ணப்பத்துக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டுக்குப் பின் மேலும் இறுக்கப்பட்டுள்ளது. திட்டத்தைப் பற்றி அறிந்திருக்கவில்லை என்பது பொதுவாக இப்போது போதிய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

ஆறுதலான ஒரு தீர்ப்பையும் குறிப்பிட வேண்டும். ஐந்து ஆண்டு நிறைவுறாதவர்களுக்கு தற்காலிக வதிவிட அந்தஸ்து கொடுத்து, ஐந்தாண்டானதும் இரண்டாம் முறை விண்ணப்பிக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அமைத்திருந்த பகுதி சட்டத்துக்கு முரணானது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்த்தது. அதன் பிறகு அரசு அந்த அந்தஸ்தைத் தானாகவே நீட்டிக்கத் தொடங்கியது. இரண்டாவது படிவத்தை நிரப்ப மறந்தவருக்கு உரிமை அழியாது என்றால், முதற்படிவத்தை அறியாமல் விட்ட மூதாட்டிக்கு மட்டும் அது ஏன் அழிய வேண்டும்? சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு வேறுபாடு காட்டக்கூடும்; வாழ்ந்த ஆண்டுகளைக் கொண்டு பார்க்கும்போது எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஒன்றியத்தின் பக்கமும் குற்றமற்றதல்ல. 1984 முதல் பிரான்சில் வாழ்ந்துவந்த பிரித்தானியப் பெண் ஒருவர், நாட்டின் தென்மேற்கிலுள்ள ஒரு சிறு ஊரின் வாக்காளர் பட்டியலிலிருந்து 2020இல் நீக்கப்பட்டார். வெளிநாட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் என்பதால் அப்போதைய சட்டப்படி பிரித்தானியாவிலும் அவருக்கு வாக்கில்லை. ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 9ஆம் நாள் தந்த தீர்ப்பில், ஒன்றியக் குடியுரிமை உறுப்பு நாட்டுக் குடியுரிமையிலிருந்து பிரிக்க முடியாதது, நாடு விலகியதால் அதுவும் தானாகவே அற்றுப்போயிற்று என்று முடிவு செய்தது. அடிப்படை அந்தஸ்து என்று 2001இல் சொன்ன அதே நீதிமன்றம்தான் இது. தனியொருவர் எந்தப் பிழையும் செய்யாமல், எங்கும் நகராமல், தான் இருந்த வீட்டில் இருந்தபடியே அடிப்படை அந்தஸ்தை இழக்க முடியும் என்றால், அந்த அந்தஸ்து மனிதனில் ஊன்றியதல்ல, அரசுகளின் உறவில் தொங்கிக்கொண்டிருப்பது என்றுதான் பொருள். அவரோடு ஒப்பிடுகையில் நான் நல்வாய்ப்புள்ளவன்: 2020 முடிவுக்கு முன்பிருந்தே சட்டபூர்வமாக வாழும் ஒன்றியக் குடிமகன் என்பதால் எங்கள் நகரசபைத் தேர்தலில் இன்றும் வாக்களிக்கிறேன்.

அப்படியானால் பிரித்தானியக் குடியுரிமையை எடுத்துவிடுவதுதானே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டென்மார்க் 2015இலும் ஜேர்மனி 2024இலும் இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டன. அந்நாட்டுக் கடவுச்சீட்டுள்ள நம்மவர்களுக்கு அந்த வழி இப்போது திறந்திருக்கிறது. நெதர்லாந்துச் சட்டத்திலோ, சில விதிவிலக்குகள் தவிர, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுப்பவர் நெதர்லாந்துக் குடியுரிமையை இழப்பார். என் மகள் ரொட்டர்டாமில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் அங்கே. வயதான காலத்தில் அவளிடம் போய்ச் சேர விசா கேட்டு நிற்கும் நிலைக்கு நான் மறுபடி போக விரும்பவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய அரசியல் மாற்றம் அல்ல. பிரித்தானியா ஒன்றியத்தில் மறுபடி சேர வேண்டுமா என்பது வேறு விவாதம். 2020 டிசம்பர் 31க்கு முன் ஐந்து ஆண்டு சட்டபூர்வமாக வாழ்ந்ததை வரிப் பதிவாலோ மருத்துவப் பதிவாலோ காட்டக்கூடிய எவருக்கும், அவர் எந்த நாளில் விண்ணப்பித்தாலும், தாமதத்துக்குக் காரணம் கேட்காமல் உரிமையை ஏற்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். பதினான்கு நாடுகள் பிரித்தானியருக்குச் செய்திருப்பதை ஒத்ததுதான் இது. தமிழ் வாக்காளர் நிறைந்த தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நம் சங்கங்கள் இதை எழுத்தில் முன்வைக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும்போதே ஒரு மனுவையும் கையில் கொடுக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தஸ்து பெற்றவர்களிடையேகூடப் பலருக்கு விதிகள் தெரியாது. நிலையான வதிவிட அந்தஸ்துள்ளவர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அது அற்றுப்போகும். சுவிஸ் குடிமக்களுக்கு அந்தக் கால எல்லை நான்கு ஆண்டு. ஓய்வுபெற்று ஊரில் வீடு கட்டிக்கொண்டு போய்த் தங்கும் முதியோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புதிய இலக்கத்தை இணையக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சிரமப்பட நேரிடலாம். இவற்றை எளிய தமிழில், பெரிய எழுத்தில், மாதம் ஒருமுறையாவது தங்கள் பத்திரிகையில் வெளியிட்டு, ஏற்ற தகுதியுடைய சட்ட ஆலோசகர் ஒருவரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை கடைகளில் இலவசமாகக் கிடைப்பதால், காய்கறி வாங்க வரும் மூதாட்டியின் கைக்கும் அது போய்ச் சேரும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஹரோ, லண்டன்.